வடம் பிடித்துப் பழகியவர்களுக்குக் கியோன் தேர்: எப்போது போவது, எங்கே நிற்பது

ஜப்பானின் கியோட்டோ நகரத்தில் கியோன் திருவிழாத் தேர்கள் ஓடுவது ஜூலை 17, ஜூலை 24 என்று இரண்டே நாள். திருவாரூரில் ஆயில்யம் பார்ப்பதுபோல அங்கே நட்சத்திரம் பார்ப்பதில்லை. கிழமை எதுவானாலும் தேதி மாறாது. மழை கொட்டினாலும் மாறாது. 2015இல் புயல் நெருங்கி வந்த 17ஆம் தேதியும் தேர்கள் புறப்பட்டன. நம் பஞ்சாங்கப்படி அது ஆடி பிறப்பை ஒட்டிய நாள்.

17 காலை ஒசாகாவிலிருந்து ரயிலில் வந்து, மூன்று மணி நேரம் தேர் பார்த்துவிட்டு மத்தியானமே திரும்பிவிடலாம் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள். அப்படிப் போனால் வடத்தையும் தொட்டிருக்க மாட்டீர்கள், சுவாமியையும் பார்த்திருக்க மாட்டீர்கள். தேருக்குப் போய்வருவது என்றால் நமக்கு இந்த இரண்டும் சேர்ந்ததுதானே. கியோனிலும் இரண்டும் உண்டு. ஆனால் நாளும் நேரமும் வேறு வேறு.

சுவாமி தேரில் வருவதில்லை

நம் ஊர்த் தேரில் சுவாமி ஏறி அமர்ந்த பிறகுதான் வடம் அசையும். கியோன் கதை வேறு. 869இல் கொள்ளைநோய் பரவியபோது, நாட்டின் 66 மாகாணங்களுக்கும் மாகாணத்துக்கு ஒன்றாக 66 நீள் ஈட்டிகளை நட்டு நோய் நீங்க வேண்டிக்கொண்டதிலிருந்து இந்த விழா தொடங்குகிறது. அந்த ஈட்டிக்கு ‘ஹோகோ’ என்று பெயர். இன்றைய பெரிய தேருக்கும் அதே பெயர்தான். காலையில் தேர்கள் வீதிகளில் போய், நோய் கொண்டுவரும் தீய சக்திகளைத் தங்கள்பால் இழுத்துக்கொள்கின்றன என்பது நம்பிக்கை. அதனால்தான் ஊர்வலம் முடிந்து நிலைக்கு வந்த கையோடு தேரைப் பிரித்துவிடுவார்கள். இப்படி வீதி சுத்தமான பிறகு, மாலையில் யாசகா ஆலயத்துத் தெய்வங்கள் மூன்று பல்லக்குகளில் புறப்பட்டு வருகின்றன. இந்தப் பல்லக்கின் பெயர் மிகோஷி. கியோன் என்ற சொல்லே புத்தர் தங்கியிருந்த ஜேதவனத்தின் பெயரிலிருந்து வந்தது.

மொத்தம் 34 தேர்கள். 17ஆம் தேதி 23, 24ஆம் தேதி 11. 1966இல் இரண்டு ஊர்வலங்களையும் ஒன்றாக்கி, 2014இல் மறுபடி பிரித்தார்கள். சக்கரமும் வானளாவும் கம்பமும் கொண்டது ஹோகோ. ‘யமா’ என்பது சிறியது. பெரும்பாலும் ஒரு பைன் மரமும் கதை சொல்லும் பொம்மைகளும் இருக்கும். குழந்தைகளோடு போனால் தோரோ-யமாவைக் காட்டுங்கள். அதன் உச்சியில் இருக்கும் கும்பிடுபூச்சி, பொறியின் உதவியால் இறக்கையையும் முன்காலையும் அசைக்கும். அது 17ஆம் தேதி வரும்.

எந்த நாளில் போய் இறங்குவது

ஜூலை 11 இரவுக்குள் கியோட்டோ சேர்ந்து 18 காலையில் கிளம்புவது நல்ல கணக்கு. அவ்வளவு நாள் இல்லாதவர்கள் 12 முதல் 14 வரை ஒருமுறை, 17 முழுநாள் ஒருமுறை என்று பிரித்து, நடுவில் நாரா, ஒசாகா போய்வரலாம்.

10ஆம் தேதி தொடங்கி ஷிஜோ வீதியிலும் அதை வெட்டும் சிறு தெருக்களிலும் தேர் கட்டுகிறார்கள். நம் ஊரில் மூங்கில் கட்டிச் சீலை சாத்துவதைக் கவனித்துப் பார்த்தவர்கள் இதைத் தவறவிடக்கூடாது. ஆணி ஒன்றுகூட இல்லாமல் மரச்சட்டங்களை வைக்கோல் கயிற்றாலேயே பிணைக்கிறார்கள். ஓடும்போது வரும் அதிர்ச்சியைக் கயிற்றுக்கட்டு நெகிழ்ந்து வாங்கிக்கொள்ளும். ஆணி அடித்திருந்தால் மரம் பிளந்துவிடும். பெரிய ஹோகோவின் சட்டத்தைத் தரையில் சாய்த்துப் படுக்கவைத்து, கம்பத்தைப் பொருத்தி, கயிறு கட்டி நிமிர்த்துவதுதான் உச்சக்கட்டம்.

12, 13 தேதிகளின் பிற்பகல் வடம் பிடிக்கும் நாள். கட்டி முடித்த தேரைச் சிறிது தூரம் இழுத்துச் சோதிப்பதற்கு ஹிகிசோமே என்று பெயர். பெரும்பாலும் 2 மணியிலிருந்து 3.30க்குள் நடக்கும். ஊர்வலத்தன்று அந்தந்தத் தெருக்காரர்களும் அமர்த்தப்பட்டவர்களும் மட்டுமே இழுப்பார்கள்; ஹிகிசோமேயில் வெளியூர்க்காரர், பெண்கள், குழந்தைகள் எல்லோரும் கைவைக்கலாம். அந்தக் கயிற்றை இழுத்தால் அந்த வருடம் நோய்நொடி அண்டாது என்பது அவர்கள் நம்பிக்கை. முக்கால் மணி முன்பே போய்த் தேருக்கு முன்னால் நிற்க வேண்டும். இரண்டு கயிறுகளையும் நீளவாக்கில் விரிப்பார்கள். காட்டும் இடத்தில் நின்று, இரு கையாலும் இடுப்புயரத்தில் பிடியுங்கள். தேரின் முன்பக்கத்தில் விசிறியோடு நிற்கும் இருவர் ‘என்யராயா’ என்று குரல் கொடுத்து விசிறியை நீட்டும்போதுதான் இழுக்க வேண்டும். முன்னதாகவே இழுத்தால் கயிறு ஒருபக்கம் சாயும், நடுவில் இருப்பவர்கள் தடுமாறுவார்கள். கயிற்றைத் தாண்டாதீர்கள். செருப்பு வேண்டாம், குதிகாலை மூடிய ஷூ போடுங்கள். ஓட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். 24ஆம் தேதித் தேர்களுக்கு 20ஆம் தேதி பிற்பகல் ஹிகிசோமே.

14, 15, 16 இரவுகள் யோய்யமா. தேர்களில் வரிசை வரிசையாகக் காகித விளக்கு ஏற்றி, மேலே அமர்ந்து குழலும் மேளமும் சேகண்டி போன்ற கானேயும் வாசிப்பார்கள். அந்த ஓசையை ‘கொன்சிக்கிசின்’ என்று வாயால் சொல்லிக்காட்டுவது அங்கே வழக்கம். 15, 16 மாலை 6 மணி முதல் ஷிஜோவிலும் கராசுமாவிலும் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், கடைத்தெரு போடுவார்கள், கூட்டம் நெரியும். தேரை நிதானமாகப் பார்க்க 14 மாலைதான் ஏற்றது. 16 இரவு முரோமாச்சி, ஷின்மாச்சி போன்ற ஒடுங்கிய தெருக்களில் ஒருவழி நடைதான். ஒரு தேரைத் தாண்டிவிட்டால் திரும்ப முடியாது, பெரிய சுற்று சுற்றித்தான் வரவேண்டும். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அன்றைக்கு உள்ளே போகவே வேண்டாம். 24ஐ ஒட்டிய 21 முதல் 23 வரையிலான யோய்யமாவில் கடைகள் கிடையாது, அமைதியாக இருக்கும். கூட்டம் ஒத்துக்கொள்ளாத பெரியவர்களை அந்த வாரம் அழைத்துப் போவதே நல்லது.

யோய்யமா இரவுகளில் ஒவ்வொரு தேரின் அருகிலும் அந்தத் தெருவின் பொதுவீடு திறந்திருக்கும். தேர்ச்சீலைகளை அங்கே அருகில் நின்று பார்க்கலாம். தொம்பையும் சீலையும் தைக்கிற தஞ்சாவூர், கும்பகோணத்துக்காரர்கள் இதற்கென்றே ஒரு மாலையை ஒதுக்க வேண்டும். ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டில் நெய்த சித்திரத் திரைகளோடு இந்தியக் கம்பளங்களும் இந்தத் தேர்களில் உண்டு. த்சுகி-ஹோகோவுக்கு 17ஆம் நூற்றாண்டு இந்தியக் கம்பளம் இருக்கிறது. மினாமி கன்னோன்-யமாவிடம் 1684ஆம் ஆண்டு குறித்த இந்திய அச்சுத்துணி இருக்கிறது. டச்சுக் கம்பெனி 1658இல் நாகப்பட்டினத்தைப் பிடித்து, சோழமண்டலக் கரையின் துணிகளைக் கிழக்கே ஏற்றி அனுப்பிய காலம் அது. வீதியில் ஓடும்போது பல தேர்களில் நகல்களைத்தான் கட்டுவார்கள். அதனால் பழைய துணியைக் கண்ணால் பார்க்க யோய்யமாவே வாய்ப்பு.

சில ஹோகோக்களில் மேலே ஏறலாம். கட்டணமோ சிமாகி வாங்கும் நிபந்தனையோ பலகையில் எழுதியிருக்கும். முதலில் செல்லும் நாகினாதா-ஹோகோவில் பெண்களை ஏற்றுவதில்லை. சிமாகி என்பது மூங்கில் இலையைச் சுற்றிக் கட்டிய காப்பு. அதே பெயரில் தின்பண்டமும் ஜப்பானில் இருப்பதால் பிரித்துப் பார்க்கத் தோன்றும். உள்ளே ஒன்றும் இருக்காது. வாசல் நிலைக்கு மேலே ஒரு வருடம் தொங்கவிடுவதற்கானது. விலை 1,000 யென்னும் அதற்கு மேலும். கார்டு எடுக்காத இடங்கள் அதிகம் என்பதால் 1,000 யென் தாள்களாக மாற்றி வைத்திருங்கள். பேர்பெற்ற தேர்களின் சிமாகி சீக்கிரம் தீர்ந்துவிடும்.

17 காலை எங்கே நிற்பது

முதல் தேர் 9 மணிக்கு ஷிஜோ-கராசுமா சந்திப்பில் புறப்பட்டுக் கிழக்கே போகும். கவாராமாச்சி வந்ததும் வடக்கே திரும்பும், ஓய்கே வந்ததும் மேற்கே திரும்பும், ஷின்மாச்சியில் தெற்கே புகுந்து நிலைக்கு வரும். நம் கணக்கில் இது இடச்சுற்று. 24ஆம் தேதி 9.30க்குக் கராசுமா-ஓய்கேயில் தொடங்கி, கவாராமாச்சி வழியாக ஷிஜோவுக்கு இறங்கி மேற்கே போகும், அது வலம்.

எந்த வருடமும் முதலில் வருவது நாகினாதா-ஹோகோதான். மற்ற தேர்களில் பொம்மை இருக்கும் இடத்தில், இதில் மட்டும் உயிருள்ள சிறுவன் அமர்ந்திருப்பான். ஷிஜோ-ஃபுயாச்சோவில் வீதிக்குக் குறுக்கே கட்டிய புனிதக் கயிற்றை அவன் வாளால் வெட்டியபின்தான் ஊர்வலம் மேலே நகரும். இதைப் பார்க்க வேண்டுமென்றால் காலை 6 மணிக்கே ஷிஜோவின் தெற்கு நடைபாதையில் நின்றிருக்க வேண்டும். அங்கே கூரை போட்ட நடைபாதை என்பதால் வெயில், மழை இரண்டிலிருந்தும் தப்பலாம். ஆனால் கயிறு வெட்டும் இடத்தில் நின்றால் திருப்பத்தைப் பார்க்க நகர முடியாது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், நாங்கள் திருப்பத்தையே சொல்வோம்.

கீழ வீதியிலிருந்து தெற்கு வீதிக்கு ஆழித்தேர் திரும்புவதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஹோகோ சுமார் 25 மீட்டர் உயரம், எடை ஏறத்தாழ 12 டன் வரை போகும். 96 அடி ஆழித்தேருக்கு உயரத்தில் அருகே வந்தாலும் எடையில் ஒப்பிடவே முடியாது. அந்த உயரத்தில் பாதிக்கு மேல் மெலிந்த கம்பம்தான். சக்கரம் ஆள் உயரம். அச்சு அசையாது, அதனால் தேர் தானாகத் திரும்பாது. திருவாரூரில் இரும்புத் தகட்டில் மசகு தடவி வழுக்கவிடுவார்கள். இங்கே பிளந்த பச்சை மூங்கிலை முன்சக்கரத்துக்குக் கீழே பரப்பித் தண்ணீர் ஊற்றுவார்கள். வடத்தை முன்னாலிருந்து பக்கவாட்டுக்கு மாற்றிக் கட்டி, விசிறிக்காரர்கள் குரல் கொடுத்ததும் எல்லோரும் ஒரே மூச்சில் இழுப்பார்கள். முன்சக்கரம் மூங்கில்மேல் சறுக்கி முப்பது பாகை போலத் திரும்பும். மறுபடி மூங்கில், மறுபடி தண்ணீர், மறுபடி இழுப்பு. மூன்று அல்லது நான்கு இழுப்பில் செங்கோணம் கூடும். இதற்குத் த்சுஜிமவாஷி என்று பெயர்.

கண்ணை எங்கே வைப்பது? எல்லோரும் கம்பத்தையே பார்ப்பார்கள். நீங்கள் சக்கரத்துக்கருகே குனிந்திருப்பவர்களைப் பாருங்கள். நம் முட்டுக்கட்டைக்காரர்களின் வேலைதான் அவர்களுக்கும். நேர்வீதியில் தேர் ஒருபக்கம் ஒதுங்கினால் மரக்கட்டையைச் சக்கரத்தடியில் கொடுத்து நேர்ப்படுத்துவார்கள். திருப்பத்தில் மூங்கிலின் ஈரம் குறைந்தால் சக்கரம் தரையைப் பற்றிக்கொள்ளும். அடிப்பகுதி நின்றுவிட, உச்சி மட்டும் ஆடும். இழுப்பு ஒருபக்கம் முந்தினால் சக்கரம் மூங்கிலைத் தாண்டி இறங்கிவிடும். அப்போது மூங்கிலை எடுத்து, அடுக்கி, நனைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். பின்னால் வரும் தேர்களெல்லாம் வரிசையாக நிற்கும். அதனால்தான் எந்தத் தேர் எத்தனை மணிக்கு எங்கே வரும் என்று அச்சிட்ட அட்டவணையை நிமிடக் கணக்காக நம்பக்கூடாது.

திருப்பம் பார்க்க மூன்று இடங்கள். ஷிஜோ-கவாராமாச்சிக்கு முதல் தேர் 9.35 வாக்கில் வரும். கூட்டம் மிக அதிகம். 6 மணிக்கு வந்தாலும் முன்வரிசை உறுதியில்லை. இடம் கிடைத்தால் வடகிழக்கு மூலை நல்லது, தேர் முகம் காட்டி வந்து முகம் காட்டியபடியே திரும்பும். கவாராமாச்சி-ஓய்கே அகலமான சந்திப்பு, தேர் 10.15க்கு மேல்தான் வரும். 8 மணிக்குப் போனால் பெரும்பாலும் நிற்க இடம் உண்டு. முதல்முறை போகிறவர்கள் இங்கே நில்லுங்கள். ஓய்கே வீதியில்தான் கட்டண இருக்கைகள் போடுவார்கள். விற்பனை ஜூன் தொடக்கத்தில் ஆரம்பமாகும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது தேவை. ஆனால் நிழல் கிடையாது, பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும் என்பதால் குடையும் விரிக்க முடியாது. அகலத் தொப்பி, மழைக்கோட்டு, கழுத்தில் நனைத்த துண்டு ஆகியவை அவசியம். மழையிலும் தேர் ஓடும். கண்ணாடித்தாள் போர்த்திய தேரைப் பார்க்கும்படி ஆகலாம்.

மூன்றாவது ஷின்மாச்சி. தேர் 11.20க்கு மேல் உள்ளே நுழையும். வீட்டுக் கூரைக்கும் தேருக்கும் நடுவே ஒரு முழம்தான் இருக்கும். தேரின் கூரைமேல் அமர்ந்திருப்பவர்கள் மின்கம்பத்தைக் காலால் உந்தித் தள்ளித் தேரை விலக்குவார்கள். ஷிஜோவில் போக்குவரத்து விளக்குகளை மடக்கிவைப்பதால் இந்தத் தொல்லை இருக்காது. காலையில் தூங்கி எழுந்து தாமதமாக வந்தவர்கள் நேராக இங்கே வரலாம். தேர் வரும்போது சுவரோடு ஒட்டி நில்லுங்கள், பையை முதுகிலிருந்து முன்னால் மாற்றிக்கொள்ளுங்கள்.

கியோட்டோ ரயில் நிலையத்திலிருந்து சுரங்க ரயிலில் ஷிஜோவுக்கு 4 நிமிடம், அடுத்த நிறுத்தம் கராசுமா-ஓய்கே. அன்று நகரப் பேருந்துகள் வழி மாறிப் போகும், நம்பாதீர்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாக ஒசாகாவின் கான்சாய் விமான நிலையம் போவது டெல்டாவுக்குச் சுலபமான வழி. அங்கிருந்து ஹாருகா ரயிலில் கியோட்டோ ஒன்றேகால் மணிக்குச் சற்று மேல். 16, 17 இரவு அறைகளுக்கு ஐந்தாறு மாதம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் பத்து நிமிட ரயில் தூரத்திலுள்ள ஓத்சுவில் தேடுங்கள்.

வெயில், தண்ணீர், சாப்பாடு

நமக்கு வெயில் புதிதில்லை என்று அசட்டையாக இருந்துவிட வேண்டாம். ஜூலையில் டெல்டாவில் ஆடிக்காற்று அடிக்கும், வியர்வை உலரும். கியோட்டோ மூன்று பக்கமும் மலை சூழ்ந்த கிண்ணம் போன்ற ஊர், காற்றே அசையாது. 35 டிகிரி வெயிலில், ஈரக்காற்றில், தார்ச்சாலையில் மூன்று மணி நேரம் அசையாமல் நிற்பது வயலில் வேலை செய்வதைவிடக் கடினம். தலைக்கு ஒரு லிட்டர் தண்ணீர், உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு கையில் இருக்கட்டும். தானியங்கி இயந்திரங்களில் முகிச்சா எனும் வாற்கோதுமை நீர் கிடைக்கும், மோரைப்போல வயிற்றுக்கு இதமானது. மழைக்காலம் முடியும் தறுவாய் என்பதால் மெல்லிய மழைக்கோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டிபார்ட்மென்ட் ஸ்டோர்கள் 10 மணிக்குத்தான் திறக்கும். அதற்குமுன் கழிப்பறை வேண்டுமென்றால் சுரங்க ரயில் நிலையம்தான். இடம் பிடிப்பதற்கு முன்பே போய்விட்டு வந்துவிடுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: காய்கறி நூடுல்ஸ், சூப் என்று தோன்றுபவற்றிலும் மீன் சாறு இருக்கும். கடைத்தெருவில் தகோயாகி என்று உருண்டையாகச் சுடுவதில் உள்ளே ஆக்டோபஸ். சுட்ட சோளத்தில் தடவும் சாறில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஐஸைச் சீவிப் பாகு ஊற்றித் தரும் ககிகோரி பயமில்லாதது. சிறு கடைகளில் உப்பு மட்டும் போட்ட சோற்றுருண்டையும் சர்க்கரை சேர்க்காத தயிரும் கிடைக்கும். ஊரிலிருந்து புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் கொண்டுபோனால் அறையில் வெறும் சோறு வாங்கிப் பிசைந்துகொள்ளலாம். பழம், பச்சைக் கறிவேப்பிலை, இறைச்சி எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் சோதிப்பார்கள். இன்னொன்று: யாசகா ஆலயத்தின் சின்னம் குறுக்கே வெட்டிய வெள்ளரிக்காயைப் போலிருப்பதால், கியோன் பகுதியின் பழைய குடும்பங்கள் ஜூலையில் வெள்ளரிக்காய் தொடுவதில்லை. வெளியூர்க்காரருக்கு இந்த விரதம் இல்லை.

குப்பைத்தொட்டி தேடினால் கிடைக்காது; ஒரு பை வைத்துக்கொண்டு அறைக்கே எடுத்துப் போங்கள். முக்காலி, ஏணி, ட்ரோன் வேண்டாம். குழந்தையைத் தோளில் தூக்கினால் பின்னால் இருப்பவரிடம் ‘சுமிமாசேன்’ (மன்னிக்கவும்) என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தேர் கடக்கும்போது தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள நமக்குக் கை போகும். தடுப்புக்கு உள்ளே கை நீட்டாதீர்கள், சீலையில் கைபடவே கூடாது. கும்பிடலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

மாலைப் புறப்பாடு

மத்தியானம் அறைக்குப் போய்க் குளித்துப் படுத்து எழுந்து, 5 மணிக்கு யாசகா ஆலயத்தின் மேற்கு வாசல் படிகளுக்கு எதிரே போய் நில்லுங்கள். 6 மணி வாக்கில் மூன்று மிகோஷிகளும் அங்கே கூடும். சுசானோவுக்கு ஒன்று, அவர் மனைவி குஷினாதாஹிமேவுக்கு ஒன்று, சுசானோவின் எட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒன்று. வெள்ளையுடுத்த நூற்றுக்கணக்கானோர் ‘ஹொயித்தோ, ஹொயித்தோ’ என்று கூவி, மிகோஷியைத் தலைக்குமேல் தூக்கிச் சுழற்றுவார்கள். திருவையாற்று ஏழூர்ப் பல்லக்கு பார்த்தவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும். தூக்குபவர்கள் கூட்டத்தின் பக்கம் திடீரென்று சாய்வதுண்டு; முன்வரிசையில் குழந்தைகளை நிறுத்தாதீர்கள்.

பிறகு மூன்றும் வெவ்வேறு வழியாகச் சுற்றி, இரவில் ஷிஜோ-தெராமாச்சியில் உள்ள ஓதாபிஷோ மண்டபத்தில் இறங்கும். 24 மாலை வரை அங்கேயே தங்கியிருக்கும். ஆகவே 17 இரவு நெரிசலுக்குப் பயந்தவர்கள் 18 காலை ரயிலுக்கு முன் அங்கே போனால், கூட்டமில்லாமல் அருகில் நின்று கும்பிட்டுவிட்டு வரலாம்.